ராமானுஜன் வைத்த ரசம்

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூஸ்ட்டில் காபித்தூள் கலந்து குடிப்பவர் ஒரு பக்கம். பன்னீர் சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பு போடுபவர் இன்னொரு பக்கம். மெஸ் ரசத்தை டம்ளரில் வாங்கி, அதிலேயே மோரையும் ஊற்றி ஒரே மடக்கில் குடிச்சிட்டுப் போறவரும் உண்டு. பரீட்சை ராத்திரியில் யார் என்ன கலந்து குடிக்கிறாங்கன்னு யாரும் கேட்கிறதில்லை.

இந்த வரிசையில் ஒரு பெரிய மனிதரையும் சேர்க்கணும். வெறும் சோறு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இது மட்டும் இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவேன், நாக்கு என் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது என்ற பொருளில் 1915 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து ஊருக்குக் கடிதம் போட்டார் ஒருவர். அப்போது அவருக்கு வயது 27. அதிலிருந்து இரண்டே ஆண்டில் அவர் ஆஸ்பத்திரியில். ஐந்து ஆண்டில் இந்த உலகத்திலேயே இல்லை.

அவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். அவர் கணக்கைப் பற்றி மேத்ஸ் டிபார்ட்மென்ட் வருஷா வருஷம் சொல்கிறது. 1729-ஐப் பற்றி ஸ்கூல்லயே கேட்டாச்சு. இந்தக் கட்டுரை அவர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், எதைத் தொட மறுத்தார் என்பதைப் பற்றி மட்டும். அவர் வாழ்க்கையை அந்த வழியாகவும் படிக்கலாம்.

கையில் விழுந்த உருண்டை

பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். அப்பா ஸ்ரீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆரணி, தேசூர் பக்கம் தறி வீடுகளிலிருந்து வருகிற நமக்கு ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் வருமானம் எவ்வளவு இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். அதில் கொஞ்சம் காசு வரும். வெளியூரிலிருந்து கும்பகோணத்துக்குப் படிக்க வந்த பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டதில் இன்னும் கொஞ்சம் வரும்.

சில நாள் அரிசி இருக்காது. ஆனாலும் அந்த வீட்டில் சாப்பாடு என்பது யாரோ ஒருவர் கவனிக்கிற விஷயமாக இருந்தது. பிற்காலத்தில் மனைவி ஜானகி அம்மாள் நினைவுகூர்ந்த ஒரு காட்சி உண்டு. ராமானுஜன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். சாப்பாட்டு நேரம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து குழம்புச் சோறு, ரசஞ்சோறு, தயிர்ச்சோறு என்று வரிசையாகப் பிசைந்து உருட்டி அவர் கையில் வைப்பார்கள். கண் காகிதத்தில், கை வாய்க்கு. எண்ணம் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஐயங்கார் வீடுகளில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். அதற்கு அங்கே தனி மரியாதை. ராமானுஜனின் நாக்கு அந்தப் புளிப்பிலும் காரத்திலும் வளர்ந்த நாக்கு. சைவச் சாப்பாடு அவருக்கு ஒரு விருப்பம் இல்லை, பிறந்த நாள் முதல் வந்த ஒழுக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குது.

ஜீரணமாகாத பாடம்

கல்லூரிக் கதை நமக்குப் பழக்கமான கதைதான். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. படிப்பு. அங்கே உடலியல் ஒரு கட்டாயப் பாடம். ஜீரண உறுப்புகள் பற்றிய கேள்விக்கு, இது ஜீரணப் பாடத்தை நான் ஜீரணிக்காமல் விட்டதன் விளைவு என்ற பொருளில் ஒரு வரி எழுதி, தாளில் பெயர்கூடப் போடாமல் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். கையெழுத்து இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டதாம். அரியர் வைத்தவர்களுக்கெல்லாம் இவர்தான் குலதெய்வம். ஒரே வித்தியாசம், அந்தக் காலத்தில் ஒரு பாடம் போனால் மொத்தப் படிப்பும் போச்சு. 1907-இலும் எழுதினார், தேறவில்லை.

அந்தச் சென்னை வாசத்தில் இன்னொன்றும் நடந்தது. கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து, படிப்பை நிறுத்தி ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் படுத்திருந்தார். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இந்த வயிற்றுக்கடுப்புக்குக் கட்டுரையின் கடைசியில் மறுபடி வருவோம்.

பிறகு சில ஆண்டுகள் வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தது அப்போதுதான். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். அவர் வழியாகப் பலரைத் தாண்டி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சென்னையில் இருக்கவைத்தார். இந்த இளைஞனுக்கு என்னதான் வேண்டும் என்று ராவ் பின்னாளில் எழுதியதன் சாரம் இது: தன் பங்குக்கு ஒரு முயற்சியும் இல்லாமல் எளிய சாப்பாடு கிடைக்கணும், தன் கனவில் தான் இருக்க விடணும். அவ்வளவுதான்.

ராமானுஜனைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. வசதியான சாப்பாடு வேண்டாம், ருசியான சாப்பாடுகூட வேண்டாம். அவர் யோசிக்காமல் அது தட்டில் வந்து விழணும். கும்பகோணத்தில் விழுந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகு ஜார்ஜ் டவுன் வீட்டிலும் அம்மா, பாட்டி, மனைவி புண்ணியத்தில் விழுந்தது.

கேம்பிரிட்ஜில்?

டைனிங் ஹால் வேண்டாம்

1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா கப்பல் ஏறினார். குடுமி போய் கிராப் வந்திருந்தது. ஷூ, கோட், டை எல்லாம் ஏறியிருந்தன. வெளித்தோற்றத்தில் விட்டுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் விடவில்லை. மாமிசம் தொடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். ஏப்ரல் 14-இல் லண்டன் வந்து இறங்கினார்.

முதல் சில வாரங்கள் பேராசிரியர் நெவில் வீட்டில், செஸ்டர்டன் ரோட்டில் வாசம். நெவிலும் அவர் மனைவியும் நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். ஹார்டி, லிட்டில்வுட் அறைகளுக்கு அது பக்கம். வேலைக்கு வசதி. ஆனால் யாரோ ஒருவர் கவனிக்கிற வீட்டிலிருந்து தானே எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டிய அறைக்கு அன்று போனார்.

டிரினிட்டியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஹால் இருந்தது. ராமானுஜன் அங்கே சாப்பிடவில்லை. மாமிசம் வெந்த பாத்திரத்தில் காய் வெந்தால் அது சைவம் ஆகாது என்பது அவர் கணக்கு. நம்ம வீடுகளில் இன்றும் பலர் போடும் கணக்குதான். அதனால் அறையிலேயே சின்ன கேஸ் அடுப்பு வைத்துச் சொந்தச் சமையல்.

இதில் போனது ஹால் சாப்பாடு மட்டும் இல்லை. கேம்பிரிட்ஜில் டைனிங் டேபிள்தான் ஆட்கள் பழகும் இடம். கணக்குப் போடுகிறவர்கள் கணக்கல்லாத விஷயம் பேசும் இடம். நம்ம ஊர் கேன்டீன் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. நாள் முழுக்க ராமானுஜன் ஒரு மனிதரோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடாத நாட்கள் நிறைய.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. டிரினிட்டியின் ஒரு பகுதியே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆனது. சந்தையில் காய்கறி குறைந்தது. கொட்டை எடுத்த புளி அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் போக வேண்டியிருந்தது. புளிக்காகக் கடல் தாண்டி வரும் பார்சலுக்குக் காத்திருப்பதை யோசித்துப் பாருங்கள். கட்டுரை தொடக்கத்தில் சொன்ன சோறு, உப்பு, எலுமிச்சைச் சாறு கடிதம் இந்தச் சமயத்தில் எழுதியதுதான். வீட்டில் கவலைப்படக் கூடாது என்று எழுதியதா, உண்மையிலேயே பெருமையா, தெரிந்துகொள்ள வழியில்லை. ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாச்சும்மா என்று சொல்பவர்களுக்கு அந்தத் தொனி புரியும்.

நேரம் காலமும் கிடையாது. வேலை ஓடினால் முப்பது மணி நேரம் தொடர்ந்து ஓடும். பிறகு இருபது மணி நேரம் தூக்கம். சமையல் ஒரு நாளைக்கு ஒரு வேளை, சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு வேளை. அதுவும் விடியற்காலை மாதிரி விநோதமான நேரத்தில்.

வாணலியும் வீட்டு எண்ணும்

இவ்வளவுக்கும் நடுவில் அந்த அடுப்பங்கரையில் சந்தோஷமான ஒரு காட்சியும் உண்டு. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒரு நாள் சாப்பாட்டுக்கு ராமானுஜன் அறைக்குப் போயிருந்தார். ராமானுஜன் வாணலியில் காய் கிளறிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் கையில் ஸ்ட்ராண்ட் பத்திரிகை, அதில் ஒரு புதிர்.

ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடம் முயன்று பார்த்து விடை கண்டிருந்தார். 288 வீடுகள், வீட்டு எண் 204. ராமானுஜன் கரண்டியை விடாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு பின்னத்தில் எல்லா விடையும் அடக்கம். 8 வீடு இருந்தால் எண் 6, 49 வீடு இருந்தால் 35, அடுத்தது 288-க்கு 204, அப்படியே முடிவில்லாமல் போகும். 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-ம் 8-ம் சேர்ந்தால் 15. மீதியை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லாரும் இதில் கணக்கைப் பார்த்து வியப்பார்கள். எனக்கு அந்தக் கரண்டிதான் கண்ணில் நிற்கிறது. அன்று அந்த அறையில் இரண்டு பேருக்குச் சமையல் நடந்தது. சாப்பிட ஒரு ஆள் வந்தால் ராமானுஜன் ஒழுங்காகச் சமைத்தார், பேசினார், சிரித்தார். இதே மகலனோபிஸ்தான் ராமானுஜன் குளிரில் நடுங்கியதற்குக் காரணம் கண்டுபிடித்தவர். படுக்கையில் கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்கணும் என்பது தெரியாமல் அதற்கு மேலேயே படுத்திருந்தாராம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீருகிற பிரச்சினை.

மூன்றாவது தடவை

இன்னொரு விருந்து அப்படி முடியவில்லை. ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற நண்பர், அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், இன்னொரு பெண் ஆகியோரை ராமானுஜன் தன் அறைக்குச் சாப்பிட அழைத்தார். அவரே சமைத்த ரசம், சூப் மாதிரி முதலில் பரிமாறினார். எல்லாரும் குடித்தார்கள். இரண்டாவது தடவை ஊற்றினார். குடித்தார்கள். மூன்றாவது தடவை ஊற்ற வந்தபோது சட்டர்ஜி வாங்கிக்கொண்டார், பெண்கள் இருவரும் போதும் என்று மறுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். கீழே போய் விசாரித்தால் டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்றார்கள். இரவு பத்து மணி வரை காத்திருந்தும் ஆள் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. தான் பரிமாறியதை அந்தப் பெண்கள் மறுத்ததைத் தாங்க முடியவில்லை, அவர்கள் இருக்கும் வரை அங்கே இருக்க முடியவில்லை, கையில் இருந்த காசுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டேன் என்பது பின்னால் அவர் சொன்ன காரணம்.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் நம்ம பக்கத்து விருந்து வழக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்தவர் வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் விடமாட்டார், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவார். மூன்றாவது கரண்டியை வாங்கிக்கொள்வதுதான் சமைத்தவருக்குத் தரும் மரியாதை. போதும் என்று கை நீட்டி மறித்தது அந்தப் பெண்கள் செய்த தப்பு இல்லை. வயிறு நிறைந்திருக்கும். மாதக்கணக்கில் தனியாகச் சாப்பிட்ட ஒரு மனிதர், ஒரு நாள் ஆசையாக ஆள் கூப்பிட்டுச் சமைத்துப் போட்டதில் எவ்வளவை வைத்திருந்தார் என்பதுதான் அந்தத் தந்தியில் தெரிகிறது.

டப்பாவின் மேல் எழுதியிருந்தது

இப்போது ஒரு பானம். போர்க்காலத்தில் ராமானுஜன் லண்டன் போனால் பீட்டர்சன் என்ற அம்மா நடத்திய விடுதியில் தங்குவது உண்டு. இந்திய மாணவர்கள் தங்கும் இடம், அந்த அம்மாவுக்கு நம்மவர்கள் பழக்கம் தெரியும். சைவக்காரருக்கு ஏற்றது என்று நம்பி ஒரு நாள் சூடாக ஓவல்டின் கலந்து கொடுத்தார். ராமானுஜனும் குடித்தார். பிறகு டப்பாவை எடுத்து என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தார். முட்டைத்தூள்.

உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கம் போனபோது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அவர் உயிர் தப்பினார். ஆனால் முட்டை கலந்ததைக் குடித்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்றே எடுத்துக்கொண்டார். சொல்லாமல் கிளம்பியதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு விளக்கமும் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1904-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் கம்பெனி கொண்டுவந்த பானம் அது. முதல் பெயர் ஓவோமால்டின். ஓவம் என்றால் லத்தீனில் முட்டை, மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. இங்கிலாந்துக்கு வரும்போது பெயர் சுருங்கி ஓவல்டின் ஆச்சு. பெயரைப் பிரித்துப் பார்த்திருந்தால் குடிக்கும் முன்பே தெரிந்திருக்கும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கும் நம் காலம் எவ்வளவோ தேவலை.

ஜாரோவிலிருந்து வந்த இன்ஜினியர்

1917-இன் முதல் பாதியில் உடம்பு விழுந்தது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம். பிறகு சானடோரியங்கள். வயிற்றுப்புண் என்றார்கள், காசநோய் என்றார்கள், டாக்டருக்கு டாக்டர் மாறியது. 1917 கடைசியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு டெர்பிஷயரில் மேட்லாக் என்ற இடத்துச் சானடோரியத்தில் இருந்தார். அன்றைய காசநோய் வைத்தியம் மருந்து இல்லை. திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, ஏராளமான பால், சத்தான சாப்பாடு. சத்தான சாப்பாடு என்றால் முட்டையும் மாமிசமும். ராமானுஜனுக்குக் கடைசி வரியே அடிபட்டுப் போனது. முதல் வரியில் குளிர் கொன்றது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். 1918-இல் இங்கிலாந்து முழுக்க சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மனம் உடைந்து தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்கு அவர் போனார். நல்லவேளை, காப்பாற்றப்பட்டார். வெளியுலகத்துக்கு அது ராமானுஜனின் பொற்காலம். 200 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்றால் 397299,90,29,388 விதம். இது போன்ற விடையைத் தரும் சூத்திரத்தை ஹார்டியும் அவரும் வெளியிட்டது 1918-இல். ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனது அதே ஆண்டு மே மாதம். டிரினிட்டி ஃபெலோ ஆனது அக்டோபரில். பட்டங்கள் வந்த அறையில் ஒழுங்கான சாப்பாடு வரவில்லை.

இங்கேதான் நம்ம இனத்து ஆள் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஏ.எஸ். ராமலிங்கம், இன்ஜினியர். 1914-இல் லண்டனில் ராமானுஜனோடு பழகியவர், இப்போது வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ நகரில் வேலை. ராமானுஜன் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு 1918 ஜூனில் மேட்லாக் போய்ச் சில நாள் கூடவே இருந்தார். திரும்பி வந்ததும் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக அதில் பெரும்பகுதி சாப்பாடு. என்ன கொடுக்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார், ஏன் ஒதுக்குகிறார், என்ன மாற்றினால் தேறுவார்.

கணித மேதையைப் பற்றி எழுதிய எல்லாரும் தேற்றத்தைப் பற்றி எழுதியபோது இந்த மனிதர் தட்டைப் பற்றி எழுதினார். நோயை விட்டுவிட்டு முதலில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கெடுத்தார். இன்ஜினியர் புத்தி. ராமானுஜனையும் விடவில்லை. நாக்கை அடக்கப் போகிறாயா, உன்னையே அழித்துக்கொள்ளப் போகிறாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். சமையல்காரர் சரியில்லை என்பதும் உண்மை, காரமும் புளிப்பும் இல்லாததை ராமானுஜன் தொட மறுக்கிறார் என்பதும் உண்மை என்று இரண்டு பக்கமும் பார்த்தார். மூன்றாண்டுக்கு முன் நாக்கை வென்றுவிட்டதாகக் கடிதம் எழுதியவர்தான் இவர் என்பதை நினைத்துப் பார்த்தால் மனசு கஷ்டமா இருக்கும்.

அதே சத்தியம், இன்னொருவர்

சைவமாக இருந்ததால்தான் இப்படி ஆச்சு என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 26 ஆண்டுக்கு முன், 1888-இல், இன்னொரு இளைஞர் மாமிசம் தொட மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு லண்டன் வந்து இறங்கினார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. முதலில் அவரும் பட்டினிதான். ஆனால் தெருத்தெருவாக நடந்து ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். சைவ உணவுக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார், அதன் நிர்வாகக் குழுவிலும் இடம் பிடித்தார். அறையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார். டீயும் காபியும் விட்டுக் கோகோ குடித்தார். முட்டையையும் பிறகு விட்டுவிட்டார். மூன்று ஆண்டு படித்துப் பாரிஸ்டர் ஆகி நல்ல உடம்போடு ஊர் திரும்பினார்.

சத்தியம் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். போர் இல்லை என்பது காந்திக்குப் பெரிய வசதி, அதை மறுக்க முடியாது. அதைத் தாண்டி ஒரு வித்தியாசம் இருக்கிறது. காந்தி தன் சாப்பாட்டுக்கு ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டார். சாப்பாட்டையே ஒரு பாடமாக எடுத்துப் படித்தார். ராமானுஜன் அந்தப் பாடத்தை, பச்சையப்பன் கல்லூரியில் செய்தது போலவே, எழுதாமல் விட்டார். அவர் தலைக்குள் ஓடியதற்கு முன்னால் சாப்பாடு ஒரு தொந்தரவு. அந்தத் தொந்தரவை எப்போதும் வேறு யாரோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ கப்பல் ஏறவில்லை.

நோயே வேறு என்று சொல்பவர்களும் உண்டு. 1994-இல் யங் என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் வைத்துப் பார்த்து, காசநோய் இல்லை, கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். 1906-இல் சென்னையில் வந்த அந்த வயிற்றுக்கடுப்பு ஞாபகம் இருக்கிறதா? அது முழுதாகப் போகாமல் உள்ளேயே தங்கி, ஆண்டுகள் கழித்துக் கல்லீரலைப் பிடித்திருக்கலாம் என்பது அவர் வாதம். அமீபாவுக்கு எமெட்டின் என்ற மருந்து அன்றே புழக்கத்தில் இருந்தது. அவர் சொல்வது சரியென்றால், சுத்தமில்லாத ஒரு வாய்த் தண்ணீரோ சாப்பாடோ தொடங்கியதுதான் எல்லாம். அப்போதும் ஒழுங்கில்லாத சாப்பாடு அந்த உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு கொடுக்கவில்லை.

வீட்டுச் சோறு

போர் முடிந்ததும் 1919 பிப்ரவரி 27-இல் நகோயா கப்பலில் கிளம்பி, மார்ச் 27-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அம்மா வந்து அழைத்துக்கொண்டார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று ஓராண்டு ஓடியது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு வீட்டு ரசம், வீட்டுத் தயிர். ஆனால் உடம்பில் அதை வாங்கிக்கொள்ளும் சக்தி போயிருந்தது. ஜானகி பக்கத்திலேயே இருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். நீயும் என்னோடு இங்கிலாந்துக்கு வந்திருந்தால் எனக்கு உடம்புக்கு வந்திருக்காது என்று ராமானுஜன் சொன்னதை அந்த அம்மாள் கடைசி வரை மறக்கவில்லை. 1994 வரை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர் அவர்.

அந்தக் கடைசி மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதுச் சரக்கு இருந்தது. அதே சமயத்துத் தாள்கள் 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் கிடைத்து, இன்று வரை கணிதக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

நம்மில் பலர் அடுத்த வருஷம் தேசூரையும் ஆரணியையும் விட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவோம். சிலர் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் எம்.எஸ். படிக்கப் போவாங்க. எட்டு மணி நேர லேபுக்கு அப்புறம் ரூமுக்கு வந்து, சமைக்கச் சோம்பல்பட்டு, தயிரில் ஊறுகாய் கலக்கிக் குடிச்சிட்டுப் படுப்பீங்க. பரவாயில்லை, ஒரு நாள் செய்யலாம், ருசியாகவும் இருக்கும். தினமும் வேண்டாம். பக்கத்து ரூமில் இன்னொருத்தரும் அதையே குடிச்சிட்டிருப்பார், கதவைத் தட்டுங்க. நண்பன் எதையோ கலந்து குடிச்சே நாள் ஓட்டுறான் என்று தெரிந்தால், ராமலிங்கம் மாதிரி ஒரு நாள் ரயில் ஏறிப் போய்ப் பாருங்க.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித தினம். கல்லூரியில் குவிஸ் இருக்கும், கோலம் இருக்கும், பேச்சு இருக்கும். அன்னைக்கு மெஸ்ஸில் யாராவது மூன்றாவது கரண்டி ரசம் ஊற்ற வந்தால் மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க.